பல்லை ஆட்டுவது யார்?

"மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, மூன்று, நான்கு. ஐந்து, நான்கு, ஆறு."

மும்பை மாட்டுங்காவில் ஒரு சிறிய பல் மருத்துவமனை. நாற்காலியில் சாய்ந்திருந்தவர் தாராவியில் எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. டாக்டரம்மா கையில் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, உதவிக்கு நின்ற பெண் ஒரு தாளில் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு பல்லுக்கு ஆறு இடங்கள். உதட்டுப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் மூன்று. துணைக்குப் போயிருந்த எனக்கு, கடையில் பாக்கிக் கணக்கு வாசிப்பதைக் கேட்பதுபோல் இருந்தது. மூன்று வரை கவலையில்லை, நான்கிலிருந்து கடன். கீழ்வரிசை முன்பல் ஒன்றில் "ஏழு" என்று வந்தபோது அண்ணாச்சியின் கால் கட்டைவிரல் தானாக விறைத்து நிமிர்ந்தது.

எழுந்து வாய் கொப்பளித்தார். தொட்டியில் சிவப்பு ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இரண்டு வேளையும் துலக்குகிறேன், டாக்டரம்மா. வெற்றிலை, புகையிலை எதுவும் கிடையாது. ஊரில் எங்கள் பெரியம்மா சாம்பலும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தவள். எண்பது வயதில் முறுக்குக் கடித்தாள். எனக்கு ஐம்பத்து நான்கிலேயே பல் ஆடுகிறது. இது என்ன நியாயம்?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "கிருமி ஆரம்பித்து வைத்தது அண்ணாச்சி. பல்லை ஆட்டிக்கொண்டிருப்பது உங்கள் உடம்பு."

அண்ணாச்சிக்கு அது பதிலாகவே படவில்லை. உடம்பு எதற்காகத் தன் பல்லையே ஆட்ட வேண்டும்? கேட்க வேண்டிய கேள்விதான். கடந்த அறுபது ஆண்டுகளில் ஈறு நோய் பற்றிய மருத்துவ அறிவு பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது.

பல் நோய் என்றாலே நம் வழக்கில் "பூச்சி". சொத்தைப் பல்லுக்கு அது ஓரளவு பொருந்தும். சர்க்கரையைத் தின்று பாக்டீரியா கக்கும் அமிலம் பல்லின் மேல்பூச்சை நேரடியாகக் கரைக்கிறது. செய்தவரும் கெடுத்தவரும் ஒருவரே. ஈறு நோயில் அப்படி இல்லை. பல்லைத் தாங்கும் நாரையும் எலும்பையும் பாக்டீரியா நேராகக் கடித்துத் தின்பதில்லை. அவற்றைக் கரைக்கும் கருவிகளில் பெரும்பகுதி நம்முடையவை. எதிரியை அடிக்க ஓங்கிய கை, நம் வீட்டுச் சுவரையே இடித்துக்கொண்டிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளப் பல் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். உடம்பைத் தோலும் உள்தோலும் எங்கும் இடைவெளியின்றி மூடியிருக்கின்றன. நகமும் முடியும்கூட அந்தப் போர்வையைக் கிழிப்பதில்லை. கிழித்துக்கொண்டு வெளியே வருவது பல் மட்டும்தான்: ஒரு கால் தாடை எலும்புக்குள், மறு கால் எச்சிலிலும் சோற்றிலும். மாடித் தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நன்றாகப் பூசினாலும், மழைக்காலத்தில் ஒழுகுவது அந்தக் குழாயைச் சுற்றித்தான். மும்பையில் வீடு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பல்லைச் சுற்றி அந்தப் பூச்சு வேலையைச் செய்வது, மிக மெல்லிய செல் அடுக்கு ஒன்று. இறுக்கமாக அடுக்கிய செங்கல்போல் இல்லாமல், நடுவே சந்து விட்டு அடுக்கியதுபோல் இருக்கும். இது குறையல்ல. அந்தச் சந்துகள் வழியாகத்தான் காவலாளிகள் வெளியே வருகிறார்கள். ஈறின் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆரோக்கியமான வாயிலும் அந்தப் பள்ளத்துக்குள் ரத்தத்திலிருந்து கொஞ்சம் நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதோடு வெள்ளை அணுக்களும் வந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 30,000 வெள்ளை அணுக்கள் இப்படி ஈறு வழியாக வாய்க்குள் வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நோய் வந்த பிறகு வருகிற படை இல்லை இது. எந்நாளும் நடக்கும் ரோந்து.

எதிர்த்தரப்பை அதிகம் வர்ணிக்கத் தேவையில்லை. துலக்கி முடித்த சில மணி நேரத்துக்குள் பல்மேல் எச்சிலின் புரதப் படலத்தில் சில வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் மேல் வேறு சில. நாள் போகப்போகக் காற்றே ஆகாத வகைகள் ஈறின் பள்ளத்துக்குள் இறங்குகின்றன. எல்லாம் தாமே சுரந்த பசைக்குள் குடியிருக்கின்றன. இதுதான் நாக்கால் தடவினால் வழவழவென்று படும் பற்படலம். 1683இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக் தன் பல்லிடுக்கில் சுரண்டி எடுத்ததை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, உயிருள்ள சிறு பிராணிகள் துள்ளுவதாக லண்டனுக்குக் கடிதம் எழுதினாரே, அவர் பார்த்தது இதைத்தான். இந்தப் படலம் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்தை வாங்கிக் கல்லாக இறுகினால் காரை. காரையை எல்லோரும் பெரிய வில்லனாகக் கருதுகிறார்கள். அது செத்த கல். தன்மேல் புதுப் படலம் படர வசதியாகச் சொரசொரப்பான இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்கிறார்களே, அந்தப் பழமொழி பல்லைப் பற்றித்தான் பேசுகிறது. ஈறுக்குள் மூன்று மில்லிமீட்டர் கீழே இருப்பதை எந்தக் குச்சியும் எட்டாது.

இனி உடம்பின் தரப்பு. முன்வரிசையில் நிற்பவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள். எலும்பு மஜ்ஜை நாள்தோறும் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. அவற்றின் ஆயுள் குறைவு. செய்யும் வேலை மூர்க்கமானது. ரத்தக் குழாயில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அணு, சரியாக ஈறு இருக்கும் இடத்தில் எப்படி இறங்குகிறது என்பதை மும்பைக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். தாதரில் இறங்க வேண்டும் என்றால் தாதர் வந்தபின் எழுந்து பயனில்லை. மாட்டுங்கா தாண்டும்போதே கூட்டத்தில் உரசிக்கொண்டு வாசல் பக்கம் நகர வேண்டும். நடுக்கம்பியை இறுகப் பிடிக்க வேண்டும். வண்டி நிற்கும் அந்த நொடியில் உடம்பைக் குறுக்கி வெளியே பாய வேண்டும். நியூட்ரோஃபில் செய்வதும் இதேதான். ஈறில் கிருமியின் வாடை பட்டதும், அந்தப் பகுதி ரத்தக் குழாயின் உள்சுவரில் ஒட்டும் புரதங்கள் முளைக்கின்றன. ஓடிவரும் அணு முதலில் அவற்றில் லேசாக உரசி உருண்டு வேகம் குறைகிறது. பிறகு இன்டெக்ரின் என்ற கொக்கியால் கம்பியைப் பிடிப்பதுபோல் இறுகப் பிடிக்கிறது. பிறகு தன்னைத் தட்டையாக்கி, குழாய்ச் சுவரின் இரண்டு செல்களுக்கு நடுவே நுழைந்து வெளியேறுகிறது. அங்கிருந்து, ரசாயன வாடை எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் ஊர்ந்து பள்ளத்தை அடைகிறது.

வந்தபின் அது செய்யக்கூடியவை மூன்று. கிருமியை விழுங்கலாம். உள்ளே பொதிந்து வைத்திருக்கும் நொதிகளையும் நச்சுகளையும் வெளியே கொட்டலாம். கடைசிக் கட்டத்தில் தன் டிஎன்ஏவையே வலைபோல் வீசிக் கிருமிகளைச் சிக்க வைக்கலாம். இந்த மூன்றாவது வித்தை 2004இல்தான் தெரியவந்தது.

சிக்கல் இங்கே தொடங்குகிறது. நுரையீரலிலோ தோலுக்கடியிலோ கிருமி புகுந்தால், அது உடம்புக்குள் இருக்கிறது. சுற்றி வளைத்து முடித்துவிடலாம். பற்படலம் உடம்புக்கு வெளியே, பல் என்ற பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. தோலிலோ கன்னத்தின் உட்புறத்திலோ மேல் செல்கள் உதிரும்போது ஒட்டிய கிருமியும் உதிர்ந்துவிடும். பல் உதிர்ந்து புதுப்பித்துக்கொள்வதில்லை. தனியாக நீந்தும் பாக்டீரியாவை நியூட்ரோஃபில் விழுங்கிவிடும். பசைக்குள் பதுங்கிய ஊரையே எப்படி விழுங்குவது? வாய்க்கு அடங்காத கவளம். விழுங்க முடியாத கோபத்தில் அது தன் நொதிகளை அங்கேயே கொட்டுகிறது. அவற்றில் கொலாஜனேஸ் என்ற நொதி ஒன்று உண்டு. பெயரே சொல்வதுபோல் அது கொலாஜனை அறுப்பது. பல்லை எலும்போடு கட்டியிருக்கும் நார்கள் கொலாஜன்தான். கூடவே எலாஸ்டேஸ் என்று மற்றொன்று. பாக்டீரியாவைக் குறிவைத்த அமிலம் பக்கத்தில் நிற்பவர்மேல் தெறித்த கதை.

இந்தக் கட்டம் வரை எல்லாம் திரும்பக்கூடியது என்பதற்கு அழகான ஒரு சோதனை உண்டு. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர், நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். அவர்கள் எந்த மனநிலையில் சம்மதித்தார்களோ! 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போலத் தெளிந்துவிட்டது. படலம் சேர்ந்தால் வீக்கம், நீக்கினால் சரி. ஒருவர்கூட விதிவிலக்கில்லை. ஈறில் ரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் துலக்காமல் விடும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. அது நேர் எதிரான வேலை என்பதற்கு இந்த ஆய்வைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சிலருக்கு மட்டும் கதை இங்கே நிற்பதில்லை. வீக்கம் ஆழமாகப் பரவி, நார் அறுந்து, பள்ளம் பையாக ஆழமாகி, எலும்பு கரைய ஆரம்பிக்கிறது. இந்தத் திருப்பத்தில் அடிக்கடி அடிபடும் பெயர் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். காற்று ஆகாத, ரத்தத்தின் இரும்பைத் தேடித் தின்னும் பாக்டீரியா. ஆய்வகத்தில் ரத்தம் கலந்த கூழில் வளர்த்தால் கறுப்பாகப் படரும். இதன் தந்திரம், நம் காவல் அமைப்பைப் பற்றி நான் படித்தவற்றிலேயே என்னை அதிகம் அசர வைத்தது.

நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிருமியைக் கண்டால் அது உடைந்து, ஒரு துண்டு அபாய மணியாக வேலை செய்யும். அந்த மணி கேட்டுத்தான் நியூட்ரோஃபில்கள் ஓடிவருகின்றன. சாதாரணக் கிருமி மணி அடிக்காமல் பார்த்துக்கொள்ளும். இது தன் நொதியால் அந்தப் புரதத்தை வெட்டித் தானே மணியை அடிக்கிறது! காவலாளிகள் வருகிறார்கள். வந்தவர்களின் உடலில் அந்த மணியைக் கேட்கும் காதான ஏற்பியையும் கிருமியை உணரும் வேறோர் ஏற்பியையும் ஒரே சமயத்தில் தட்டிவிடுகிறது. இரண்டும் சேரும்போது, விழுங்கிக் கொல்லும் வேலை முடங்குகிறது. வீக்கத்தை வளர்க்கும் வேலை மட்டும் நடக்கிறது. கையைக் கட்டிவிட்டு, வாயைத் திறந்துவிட்டதுபோல். காவலாளி கூவிக்கொண்டே இருக்கிறார், ஆள் மேல் ஆள் வருகிறார், எவராலும் அடிக்க முடியவில்லை. வீங்கிய ஈறிலிருந்து ரத்தமும் உடைந்த புரதமும் பள்ளத்துக்குள் கசிகின்றன. அதுதான் இந்தப் பாக்டீரியாவின் சாப்பாடு. வீக்கம் தணிந்தால் இது பட்டினி.

2011இல் வெளியான எலி ஆய்வு ஒன்று இதை இன்னும் தெளிவாக்கியது. மிகச் சிறிய எண்ணிக்கையில் இதை எலியின் வாயில் விட்டாலே, ஏற்கெனவே அங்கே சாதுவாக இருந்த மற்ற பாக்டீரியாக்களின் கூட்டம் பெருகித் தன்மை மாறி, எலும்பு கரைந்தது. எந்தக் கிருமியும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலியின் வாயில் இதைத் தனியாக விட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. காம்ப்ளிமென்ட் மணிக்கான ஏற்பிகள் இல்லாத எலிகளிலும் எலும்பு தப்பித்தது. ஆக இது கலகத்தைத் தூண்டிவிட்டு ஒதுங்கி நிற்கும் ஆள். கல் எறிவது மற்றவர்கள். தடியடி நடத்துவது நாம்.

தடியடி ஓயாவிட்டால் அடுத்த படை வருகிறது. டி செல்கள், பி செல்கள், எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்கள். அவற்றோடு இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-17, டிஎன்எஃப் என்று உத்தரவுச் சீட்டுகள் பறக்கின்றன. அவற்றில் ரேங்க்-எல் என்ற சீட்டு எலும்பு சம்பந்தப்பட்டது. ரத்தத்திலிருந்து வரும் சில செல்கள் அந்தச் சீட்டைப் பெற்றால் ஒன்றோடொன்று இணைந்து, எலும்பைக் கரைக்கும் பெரிய செல்லாக மாறுகின்றன. அவை எலும்புமேல் கவிழ்ந்து அமிலம் சுரந்து குழி பறிக்கும். நம் எலும்பு வாழ்நாள் முழுக்க இப்படிக் கரைந்தும் கட்டப்பட்டும் வருவதுதான். அந்தச் சீட்டைத் தடுக்கும் எதிர்ச்சீட்டும் உண்டு. நாட்பட்ட வீக்கத்தில் தராசு கரைப்பதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது? டாக்டரம்மா சொன்ன விளக்கம் தாராவிக்காரரான அண்ணாச்சிக்கு உடனே புரிந்தது. நெருக்கமான குடிசை வரிசையில் தீப்பிடித்தால், எரிகிற குடிசையைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. அடுத்த குடிசையைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள், தீ தாவாது. ஈறிலும் அதுதான். கிருமிக் கூட்டம் இறங்க இறங்க எலும்பு பின்வாங்கிக்கொண்டே போகிறது. அதனால்தான் தாடை எலும்புக்குள் தொற்று பரவுவது அபூர்வம். தாடை தப்புகிறது, பலி பல். பல்லைவிடத் தாடையும் அதன் பின்னால் இருக்கும் ரத்தமும் முக்கியம் என்று உடம்பு போடும் கணக்கில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் தீ அணையாமல் இருபது வருடம் புகைந்துகொண்டே இருந்தால், பிரித்துப் போட்ட குடிசைகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது பெரியம்மாவின் முறுக்கு. இந்தக் கேள்விக்கு உலகின் பல் மருத்துவப் பாடநூல்கள் தரும் பதில், தமிழர்களின் வாயிலிருந்து எடுக்கப்பட்டது. இது பலருக்குத் தெரியாது.

ஆர்ஹஸில் மாணவர்களைத் துலக்க வேண்டாம் என்ற அதே ஹரால்ட் லோ, நோயை அதன் போக்கில் விட்டு நீண்ட காலம் பார்த்தால் என்ன ஆகும் என்று அறிய விரும்பினார். நல்ல பல் மருத்துவ வசதி உள்ள கூட்டமாக நார்வேயின் ஆஸ்லோ நகரத்து மாணவர்களையும் கல்வியாளர்களையும் 1969இல் எடுத்துக்கொண்டார். எந்த வசதியும் இல்லாத கூட்டமாக 1970இல் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை எடுத்துக்கொண்டார். 480 ஆண்கள். எல்லோரும் தமிழர்கள், திருநெல்வேலி, மதுரை, திருச்சிப் பக்கங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பல் துலக்கும் வழக்கமும் இல்லை, பல் மருத்துவரும் இல்லை. ஏறக்குறைய எல்லோருடைய பல்லிலும் ஒரே மாதிரியான படலம், காரை, கறை. எல்லா ஈறும் வீங்கியிருந்தது. 1985 வரை திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். மாட்டுங்காவில் அண்ணாச்சியின் ஈறில் இறங்கிய கம்பியைப் போன்ற கம்பிதான்.

1986இல் வெளியான முடிவு இது. 8 சதவீதத்தினருக்கு நோய் விரைந்து முன்னேறியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக. மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீங்கியதோடு சரி. அதற்குமேல் போகவே இல்லை. 35 வயதில் முதல் பிரிவினருக்குப் பல்லின் பிடிமானம் சராசரியாக 9 மில்லிமீட்டர் போய்விட்டிருந்தது. இரண்டாம் பிரிவினருக்கு 4. மூன்றாம் பிரிவினருக்கு 1 மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரே தோட்டம், ஒரே லயம் என்ற வரிசை வீடு, ஒரே அழுக்கு. ஒருவர் வாயில் பல் கொத்தாக விழுகிறது, பக்கத்து லயத்துக்காரர் கரும்பு கடிக்கிறார்.

அழுக்கு ஒன்றாக இருந்தும் விளைவு வேறாக இருந்தால், வித்தியாசத்தில் பெரும் பங்கு அழுக்கை எதிர்கொள்ளும் உடம்பில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொருவர் வாயிலும் குடியிருந்த பாக்டீரியா வகைகளில் வேறுபாடு இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் மருத்துவ உலகம் "கிருமி எவ்வளவு" என்ற கேள்வியிலிருந்து "உடம்பு எப்படி எதிர்கொள்கிறது" என்ற கேள்விக்கு நகர்ந்ததில் இந்த 480 பேரின் வாய்க்குப் பெரும் பங்கு உண்டு. பாடநூல்களில் அவர்கள் "இலங்கைத் தொழிலாளர்கள்" என்று ஒரு வரியில் வந்து போகிறார்கள். நோயை அதன் போக்கில் விட்டுப் பார்ப்பது என்றால், யாரோ ஒருவரின் பல் அதன் போக்கில் விழுவதைப் பார்ப்பது என்றும் பொருள். அப்படி ஓர் ஆய்வுக்கு இன்று அனுமதி வாங்குவது கடினம். படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 8 சதவீதத்தின்மேல்தான் கண் போகிறது.

காவலாளிகளே இல்லாவிட்டால் பல் தப்புமா என்று யாரும் கேட்கலாம். தப்பாது. அதற்கும் இயற்கை ஒரு சோதனை வைத்திருக்கிறது. பிறவியிலேயே இன்டெக்ரின் கொக்கி பழுதான குழந்தைகள் மிக அரிதாகப் பிறக்கிறார்கள். ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் நிறைந்திருக்கும். கம்பியைப் பிடிக்க முடியாததால் தாதரில் இறங்க முடியாமல் வண்டியிலேயே போய்க்கொண்டிருக்கும். இக்குழந்தைகளுக்கு இளம் வயதிலேயே எலும்பு கரைந்து பல் விழுகிறது. காவல் இல்லாததால் கிருமி புகுந்து எலும்பைத் தின்கிறது என்றுதான் நெடுங்காலம் விளக்கம் சொன்னார்கள். 2014இல் வந்த ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. அவர்கள் ஈறில் இன்டர்லூக்கின்-17 கட்டுக்கடங்காமல் பெருகியிருந்தது. சாதாரணமாக நியூட்ரோஃபில் வந்து, வேலை முடித்து, அங்கேயே சாகும். அதன் உடலை மற்ற வெள்ளை அணுக்கள் அள்ளி விழுங்கும்போது "போதும், நிறுத்து" என்ற செய்தி போகும். வராத ஆளின் சடலம் கிடைக்காது. நிறுத்து என்று சொல்ல ஆளில்லை. படை கேட்கும் கூச்சல் ஏறிக்கொண்டே போகிறது. இங்கும் எலும்பைக் கரைத்தது நம் பக்கத்துக் கூச்சல்தான்.

விளக்கி முடித்தபின் டாக்டரம்மா அண்ணாச்சியிடம் கேட்டார்: "சர்க்கரை எவ்வளவு?"

"கொஞ்சம் இருக்கிறது" என்றார் அண்ணாச்சி. கடைக்காரர்களின் "கொஞ்சம்" என்ற சொல்லை நம்பக் கூடாது. போன மாதச் சீட்டை எடுத்துப் பார்த்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.1.

அவர் கேள்விக்கான பதிலில் பாதி அந்தச் சீட்டில் இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாக இருந்தால், அது புரதங்களோடு ஒட்டிக் கெட்டிப்படுகிறது. அந்தக் கெட்டிப் புரதங்களைத் தொட்டாலே வெள்ளை அணுக்கள் சீறுகின்றன. நியூட்ரோஃபில் சரியாகக் குறிபார்த்து அடிக்கும் திறன் குறைந்து, அனாவசியமாக ஆயுதம் கொட்டும் பழக்கம் கூடுகிறது. காயம் ஆறுவதும் தாமதம். மறுபுறம், ஈறில் நாள்தோறும் புகையும் வீக்கத்தின் சீட்டுகள் ரத்தத்தில் கலந்து, இன்சுலின் சொல்லை உடம்பு கேட்காதபடி செய்கின்றன. சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது. ஈறு சர்க்கரையை ஏற்றுகிறது. ஈறுக்குச் சரியாகச் சிகிச்சை செய்தால், சில மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவுக்கு இறங்குவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. பல் டாக்டரிடம் போய் சர்க்கரை குறையும் என்று நம் வீடுகளில் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லித்தான் பாருங்கள்.

புகையிலை வேறு வகை ஏமாற்று. நிகோடின் ஈறின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. ரத்தம் வருவது குறைகிறது. ரத்தம் வரவில்லையே, ஈறு நன்றாக இருக்கிறது என்று ஆள் நினைத்துக்கொண்டிருப்பார்; உள்ளே பை ஆழமாகிக்கொண்டிருக்கும். மகாராஷ்டிரத்தில் மிஷ்ரி என்று ஒரு பழக்கம் உண்டு. புகையிலையைக் கறுக வறுத்துப் பொடித்து, பெண்கள் அதால் பல் தேய்ப்பார்கள். இங்கே வந்து பழகிய நம் பெண்களும் சிலர் உண்டு. "தேய்த்தால் ஈறு இறுகும்" என்பார்கள். இறுகுவது ஈறு அல்ல, ரத்தக் குழாய். 2012இல் மாநிலம் குட்காவைத் தடை செய்தது. மிஷ்ரி டப்பா அடுப்படி அலமாரியில் அப்படியே இருக்கிறது.

சிகிச்சை என்பது முதலில் ஊரைக் கலைப்பதுதான்: ஈறுக்கு மேலும் கீழும் ஒட்டிய படலத்தையும் காரையையும் கருவியால் சுரண்டி எடுப்பது. அண்ணாச்சி இதற்கு முன் இரண்டு முறை வீக்கம் வந்தபோது மெடிக்கலில் தாமே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். வீக்கம் இறங்கும், மறுபடி வரும். பசைக்குள் குடியிருக்கும் கிருமிகளை மாத்திரை எளிதில் எட்டாது. முதலில் பசை கலைய வேண்டும். "பல் சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. அதன் காரணமும் எளிது. வீங்கிய ஈறும் காரையும் சேர்ந்து அறுந்த நாரின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. காரை போய் வீக்கம் வடிந்ததும் உள்ளபடி என்ன மிச்சம் என்று தெரிகிறது. கடனை மறைத்த திரை விலகியதும், கடனே அப்போதுதான் வந்தது என்று நினைப்பதுபோல்.

உடம்பின் கையைப் பிடித்து நிறுத்தும் மருந்தும் ஒன்று உண்டு. டாக்ஸிசைக்ளின் பழைய ஆன்டிபயாடிக். அதை 20 மில்லிகிராம் என்ற, கிருமியைக் கொல்லப் போதாத சிறு அளவில் கொடுத்தால், கொலாஜனை அறுக்கும் நம் நொதியை அடக்குகிறது. சுரண்டிச் சுத்தம் செய்வதோடு சேர்த்துக் கொடுக்க 1998இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி வழங்கியது. கிருமிக்கான மருந்தை, கிருமியைத் தொடாத அளவில், நமக்கே கொடுப்பது! டாக்டரம்மா அதை அண்ணாச்சிக்கு எழுதவில்லை. சர்க்கரையை இறக்குங்கள், பல்லிடுக்கில் சின்ன பிரஷ் போடுங்கள் என்றுதான் எழுதினார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி மாட்டுங்கா. அதே நாற்காலி, அதே கம்பி. "மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, இரண்டு, மூன்று. நான்கு, மூன்று, நான்கு." ஏழாக இருந்த முன்பல்லில் ஐந்து. கொப்பளித்தபோது தொட்டியில் வெறும் தண்ணீர். போன எலும்பு திரும்பி வருமா என்று கேட்டார். அந்தப் பல்லில் எதிர்பார்க்க வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா.

திரும்பி நடந்து வரும்போது மலையகத்து ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். சதவீதங்களில் அவருக்கு ஆர்வமில்லை. "எந்த வருஷம் என்றீர்கள்?" என்று கேட்டார்.

"1970இல் தொடங்கியது."

"எங்கள் பெரிய மாமா அப்போது கண்டிச் சீமையில்தான் இருந்தார். பன்னிரண்டு வயதில் போனவர். தோட்டத்தை விட்டு எல்லோரையும் அனுப்பினார்களே, அப்போது கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினார். வாயில் நாலு பல்லுக்கு மேல் இல்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை."

முறுக்குக் கடித்த பெரியம்மாவுக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன்.